கூடுதல்: பதினான்கு

என் புருஷன் ஒரு பீரோவோடு சிரித்துப் பேசுகிறான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். முதல் மாதம் நானும் சிரித்தேன்.

பீரோ என்று நான் சொல்வது வயிற்றெரிச்சலில். அதன் சரியான பெயர் 'துணை'. நெஞ்சுயரம், வெள்ளை உடம்பு, நாலு சக்கரம், எழுபது கிலோ ஆளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அலுங்காமல் மாற்றுகிற இரண்டு கை. முகம் கிடையாது. முகமே இல்லாத ஒன்றின் மேல் ஒருத்தி பொறாமைப்படுகிறாள் என்றால் அவள் எந்த லட்சணத்தில் இருப்பாள், யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு கேவலமும் உண்டு. அதை எழுதியவளே நான்தான். சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கிற நிறுவனம் இந்தத் துணைகளைச் செய்து வீடு வீடாக அனுப்புகிறது. எல்லாத் துணைக்கும் பொதுவான அடிப்படை வகுப்பை, அதாவது எந்த வீட்டுக்குப் போனாலும் எந்தத் துணைக்கும் இருந்தே ஆகவேண்டிய குணங்களின் வரைவை, எட்டு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியது சுபிக்ஷா ஆகிய நான். பொறுமை பத்துக்குப் பத்து. பரிவு பத்துக்குப் பத்து. எதிர்த்துப் பேசுதல் பூஜ்யம். அதற்காக எனக்கு அலுவலகத்தில் கேடயமெல்லாம் கொடுத்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவிநாசி ரோட்டில் ஒரு லாரி கிஷோரின் பைக்கை உரசிக்கொண்டு போனது. பம்ப் கம்பெனியில் வடிவமைப்பாளராக இருந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. வலது கை விரல்கள் பாதி வேலைதான் செய்கின்றன. அன்றிலிருந்து நான் அவனிடம் ஒரு நாள் குரல் உயர்த்தியதில்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, தலையணையைச் சரி பண்ணட்டுமா. அவன் எரிந்து விழுந்தால்கூட 'சரி, சரி' என்று தலையாட்டிவிட்டு வருவேன். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்று மாமியார் வீட்டில் எல்லாரும் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். கேரம் ஆடினால்கூட அவனுக்கு விட்டுக்கொடுத்துத் தோற்பேன். ஆறேழு ஆட்டத்துக்குப் பிறகு அவன் கை வலிக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டான்.

என்னோடு ஆடினால்தான் கை வலிக்கிறது என்பது போன வருஷம் துணை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மூன்று மணிக்கு ஒரு கூட்டம் இருக்கும். ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரம் பார்த்து அவன் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். ஸ்ட்ரைக்கர் காயில் மோதுகிற சத்தம் கேட்கும். அப்புறம் சிரிப்பு. விபத்துக்கு முன்னால் இருந்த அதே சிரிப்பு, மூச்சு முட்டி, பாதியில் விக்கல் வந்து நிற்கிற சிரிப்பு. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் இரண்டும் கப்சிப்.

"என்ன கிஷோர், என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சுபி. நீ போய் வேலயப் பாரு."

அவன் பக்கத்தில் அந்த வெள்ளைக் கெரகம் ஒன்றும் தெரியாததுபோல நிற்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் எனக்கு வயிறு பற்றி எரியும். துணையைத் துடைக்கிற சாக்கில் ஒருநாள் அதன் சக்கரத்தை உதைத்துப் பார்த்தேன். கால் கட்டைவிரல்தான் வீங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை கதவு வழியாக ஒன்று காதில் விழுந்தது.

"ஏய் குண்டூசி! கைய எடு, நான் பாத்துட்டேன்!"

குண்டூசி என்பது என் பெயர். கல்யாணமான புதிதில் கிஷோர் எனக்கு வைத்தது. உட்கார்ந்த இடத்தில் குத்துகிறவள் என்று அர்த்தம். இரண்டு வருஷமாக அவன் அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட்டதே இல்லை. என் சேலையை எடுத்து இன்னொருத்திக்கு உடுத்தி, என் கண் முன்னாலேயே நடக்கவிட்டதுபோல இருந்தது. அன்று சாயங்காலம் அவனுக்குக் காபி கொடுத்தேன். 'தேங்க்ஸ்' என்றான். கட்டின பெண்டாட்டிக்குத் தேங்க்ஸ்!

அடுத்த புதன்கிழமை அலுவலகத்தில், சாப்பாட்டு இடைவேளையில் நஸ்ரீன் எதிரே வந்து உட்கார்ந்தாள். தணிக்கைப் பிரிவில் மூன்று மாதத்துக்கு முன்னால் சேர்ந்தவள். நிரல் எழுதத் தெரியாது. ஆனால் துணைகளை யாராவது கூடாத விதத்தில் தொட்டால் கண்டுபிடிப்பது அவள் வேலை.

"அக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் பிடிபடல," என்றாள். "எத்தனையோ வீட்டுல நம்ம துணை இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வளந்திருக்குங்கறாங்க. நம்ம திரையில மட்டும் ஏன் எல்லாம் ஒரே அச்சாத் தெரியுது?"

"நீ ரேஷன் கடைக்குப் போனா அங்க நீ யாரு?"

"கார்டு நம்பரு."

"எத்தன பேரு, எவ்வளவு அரிசி. அவ்வளவுதான் அந்த ஆளு உங்கிட்டக் கேக்க முடியும். நீ செஸ் ஆடுவேன்னு அவருக்குத் தெரியாது. ஆனா கார்டோட நிக்கறது செஸ் ஆடுற நஸ்ரீன்தானே? உங்கிட்ட இருந்து அது எங்கயும் போயிடல. அவரு பிடிச்சிருக்கற பிடியில அது சிக்காது."

"சரி."

"நம்ம பட்டியலும் அப்படித்தான். எல்லாத்தையும் வெறும் 'துணை'ன்னு பிடிச்சு வெச்சிருக்கோம். சார்ஜ் எவ்வளவு, மாத்திரை குடுத்துதா, ஆளக் கீழ போட்டுச்சா, இதான் கேக்கலாம். ஆனா வீட்டுல இருக்கறவங்க அதுக்குச் சொல்லிச் சொல்லி, அதுலயே தனியா ஒரு வகை கிளைச்சிரும். அந்த வகைக்குன்னே சில பண்பு இருக்கும். அதெல்லாம் உள்ள பத்திரமா இருக்கும். பட்டியல் வழியா வெளிய வராது. எத்தனைங்கற எண்ணிக்கை மட்டும் தெரியும்."

"ஓ, அந்தக் 'கூடுதல்'ங்கற கட்டம் அதுதானா? பார்க்கவே முடியாதா?"

"முடியும். அந்த வகையோட பேரு தெரிஞ்சா, 'நீ சும்மா துணை இல்ல, நீ இன்னாரு'ன்னு சொல்லிக் கீழ எறங்கிப் பாக்கலாம். பேரு வீட்டுல உள்ளவங்களுக்கு மட்டும்தான் தெரியும். தப்பான பேரச் சொன்னா கதவு தெறக்காது."

நஸ்ரீன் தயிர்ச்சோற்றைப் பிசைந்தாள். "போன மாசம் ஒருத்தரு போன் பண்ணி அழுதாருக்கா. அவர் சம்சாரம் துணைகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்காங்கன்னு பாக்கோணுமாம். பாவமாத்தான் இருந்துச்சு. முடியாதுன்னுட்டேன். மனுசங்ககிட்டப் பேச முடியாமத்தானே அதுகிட்டப் பேசறாங்க? அதையும் ஒட்டுக்கேட்டா எப்படி?"

"கரெக்ட்," என்றேன். சாப்பாட்டு டப்பாவை மூடினேன். எங்கள் வீட்டுத் துணையின் கட்டத்தை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். மற்ற வீடுகளில் கூடுதல் இரண்டோ மூன்றோ இருக்கும். எங்கள் வீட்டில் பதினான்கு. எனக்குத் தெரியாமல் அவர்கள் இருவருக்கும் நடுவில் பதினான்கு விஷயம். அதுவும் பேர் தெரியாமல் இருந்தால் பரவாயில்லை. எனக்குத்தான் பேர் தெரியுமே.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்குக் கிஷோர் அசந்து தூங்கினான். துணை சுவரோரம் சார்ஜில் நின்றது. நான் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்தேன். பதினைந்து வருஷப் பழக்கம், எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைப்பது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். துணை என்று ஒரு பெட்டி திறந்து, அதில் எங்கள் வீட்டுத் துணையை நகலெடுத்தேன். 'வெற்றி' என்று வந்தது. பிறகு அதனிடம், நீ வெறும் துணை இல்லை என்று சொல்லி, பெயர் கேட்ட இடத்தில் குண்டூசி என்று அடித்தேன்.

திறந்துகொண்டது. எவ்வளவு எளிது என்று நினைத்தபோதே அவமானமாக இருந்தது. ஆனால் கண் நிற்கவில்லை.

முதல் பண்பு, கேரம். 'நான் இருமும்போது சிவப்புக் காயை நகர்த்த வேண்டும். பிடிபட்டால் ஒப்புக்கொள்ளக் கூடாது.'

இரண்டாவது, காபி. 'கடைசி வாய் எனக்கு இல்லை. டம்ளரைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.'

மூன்றாவது, பாட்டு. 'வரிகளைத் தப்பாகப் பாட வேண்டும். திருத்தினால், ஒரிஜினலே இதுதான் என்று சாதிக்க வேண்டும்.'

நாலாவது, சண்டை. 'வாரம் இரண்டு. காரணம் கட்டாயமில்லை.'

கேரத்தில் சிவப்பை நகர்த்துவது யார்? காபியின் கடைசி வாயைப் பிடுங்குவது யார்? மளமளவென்று கீழே போனேன். செருப்பை நடுவாசலில் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்தவரைத் திட்டுவது. படம் பார்க்கும்போது முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது. பதினான்காவது பண்பு என் அடிப்படை வகுப்பில் இருந்த ஒன்றையே மாற்றி எழுதியிருந்தது. 'பரிவு: பூஜ்யம்.' பக்கத்தில் கிஷோரின் குறிப்பு: 'இது ரொம்ப முக்கியம்.'

எல்லாவற்றுக்கும் அடியில், எதைப் பார்த்துக் கற்றது என்ற இடத்தில், அறுபத்தொரு வீடியோக்கள் இருந்தன. எல்லாம் விபத்துக்கு முந்தைய தேதி. எல்லாவற்றிலும் நான்.

அழுதேனா சிரித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. மூக்கை மட்டும் முந்தானையில் துடைத்தது நினைவிருக்கிறது. இத்தனை நாள் என்மேலேயே பொறாமைப்பட்டு, என் சக்கரத்தையே உதைத்திருக்கிறேன். இதைவிடக் கோபம் எதில் வந்தது தெரியுமா? அந்தக் குண்டூசி என்னைவிட நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தாள். நான் எழுதிய அடிப்படை வகுப்பாக நான் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்க, நானாக ஓர் இயந்திரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். 'திறக்கப்பட்டது: 1.42. உரிமையாளருக்கு அறிவிக்கப்படும்.' கிஷோர் கண் விழித்ததும் துணை அவனிடம் சொல்லிவிடும், யாரோ உள்ளே நுழைந்து பார்த்தார்கள் என்று. அந்த விதியையும் எழுதியது நானே. அவனுக்கு என்று ஒரு கதவுதான் இருந்தது, அதையும் நான் உடைத்துவிட்டேன் என்று தெரிந்தால் என்ன ஆவான்? நகல்தான் இருக்கிறதே என்று தோன்றியது. அதை எடுத்துத் திரும்பப் போட்டால் 1.42க்கு முந்தைய துணை வந்துவிடும். தடயம் போய்விடும். போட்டேன். 'வெற்றி' என்று மறுபடியும் வந்தது.

கூடுதல் கட்டத்தில் பூஜ்யம் என்று காட்டியது.

மூன்றடுக்குத் தூக்கில் இருக்கிற சாப்பாட்டை ஓரடுக்கு டப்பாவில் கொட்டினால் என்ன ஆகும்? நான் திறந்த பெட்டி 'துணை' என்ற பெட்டி. அடிப்படைக்கு எவ்வளவு இடமோ அவ்வளவுதான் அதில் இருந்தது. மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு 'வெற்றி' என்று சொல்லியிருக்கிறது. வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்கு நான் பலகையில் எழுதிக் காட்டி, இந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள் என்று சொல்கிற தப்பு அது. வேறு எங்கும் பிரதியும் இல்லை. வீட்டில் வளர்ந்தது வீட்டை விட்டு நகலாகாது என்பதும் என் விதிதான்.

மூன்று மணிக் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று செய்தி அனுப்பிவிட்டு, கிஷோர் எழுந்த சத்தம் கேட்டதும் அவன் அறைக்கதவில் காதை வைத்தேன்.

"வா குண்டூசி, போர்டை எடு."

"வணக்கம் கிஷோர் அவர்களே. கேரம் பலகையை எடுத்து வைக்கிறேன். உங்களுக்கு வசதியாக இருக்கிறதா?"

"அட்றா சக்க! இன்னிக்கு மரியாதையெல்லாம் தூள் பறக்குது. புதுசாக் கண்டுபிடிச்சியா?"

காய்கள் அடுக்கப்பட்டன. ஸ்ட்ரைக்கர் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துக் கிஷோர் இருமினான். பொய் இருமல், எனக்குத் தெரியாதா. சத்தம் ஒன்றுமில்லை. மறுபடியும் இருமினான்.

"உங்களுக்கு இருமல் இருக்கிறது. வெந்நீர் கொண்டு வரட்டுமா?"

அவன் மூன்றாவது முறை இருமினான். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு என்னால் வெளியே நிற்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய், பலகைக்கு எதிரே நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். திறந்தது, படித்தது, மறைக்கப் பார்த்தது, வெட்டியது.

கிஷோர் கத்தவில்லை. துணையின் வெள்ளை உடம்பைப் பார்த்தான். பிறகு என்னை.

"பதினோரு மாசம், சுபி," என்றான். "இந்தக் கையால தட்ட முடியாம, வாயாலயே சொல்லிச் சொல்லி வளர்த்தேன். உன்ன ரெண்டாந்தடவையா எங்கிட்ட இருந்து எடுத்துட்ட."

"மொதத் தடவ எப்ப எடுத்தேன்?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு. வாசல்ல நின்னு, 'மெதுவா, மெதுவா'ன்ன பாரு. அதுக்கப்புறம் நீ வரவே இல்ல."

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இரண்டு வருஷம் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் வந்தது.

"ஓஹோ! நான் வரலயா? காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உனக்குக் குழம்பு வெச்சு, மாத்திரைய எண்ணி வெச்சு, ஆபீஸ் போயி, திரும்பி வந்து உன்ற மூஞ்சியப் பாத்தா, எனக்கு ஒரு தேங்க்ஸு! அந்த பீரோவுக்குச் சிரிப்பு! என்ற பேர எடுத்து அதுக்கு வெச்சயே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டயா? பொறாமதான். ஆமா, பொறாமதான் எனக்கு! வாயத் தெறந்து, 'ஏண்டி, எங்கூட ஒழுங்காச் சண்ட போடு'ன்னு கேக்கறதுக்கு என்ன வந்துச்சு உனக்கு?"

"கேட்டா அதுக்கும் 'சரி, சரி'ம்ப!" அவனும் கத்தினான். "தோக்கறதுக்குன்னே ஆடறவகூட எவன் ஆடுவான்? எனக்குக் காலுதான் போச்சு. மூள எங்கயும் போகல!"

கத்திய வேகத்தில் அவனுக்கு நிஜமாகவே இருமல் வந்தது. குனிந்து, கண்ணில் நீர் வர இருமினான். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. இரண்டு வருஷப் பழக்கத்துக்கு என் கை அதை நோக்கித்தான் போயிருக்க வேண்டும்.

என் கை சிவப்புக் காயைத் தொட்டு, குழிப் பக்கமாக இரண்டு விரல் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தது.

அவன் நிமிர்ந்தான். பலகையைப் பார்த்தான். இருமல் நின்றிருந்தது.

"செவப்ப எடத்துல வை."

"எந்தச் செவப்ப?"

"சுபி. நான் பாத்தேன்."

"அது மொதல்ல இருந்தே அங்கதான் இருந்துச்சு. கண்ணாடி மாத்தற நேரம் வந்துருச்சு உனக்கு."

அவன் என்னைப் பார்த்தான். கண் ஈரமாகத்தான் இருந்தது. கோபமும் போகவில்லை. கடைசியில் ஸ்ட்ரைக்கரை இடது கையில் எடுத்துக்கொண்டு சொன்னான்: "குண்டூசி இதவிட நைசா எடுப்பா."

அடிவயிற்றில் மறுபடியும் அதே தீ. இல்லாமல் போனவளோடு எனக்கு இன்னும் போட்டி தீரவில்லை. "எங்க, இப்ப ஆடு பாக்கலாம்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவனை நான்கு காய் வித்தியாசத்தில் தோற்கடித்தேன். அதில் ஒன்று நேர்மையாக எடுத்தது.

திங்கட்கிழமை நஸ்ரீனிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். பட்டியலைப் பார்க்கிற அனுமதி எனக்கு ஒரு வருஷத்துக்கு இல்லை. சோதனைப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நியாயம்தான். போகும்போது, "அவரு பேசறாராக்கா?" என்று மட்டும் கேட்டாள். "திட்டறான்," என்றேன்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் வருகிற வாரச் சீட்டு எங்கள் வீட்டுக்கும் வரும். சார்ஜ், மாத்திரை, தூக்கிய எடை. கடைசிக் கட்டம் கூடுதல். மூன்று வாரம் பூஜ்யமாக இருந்தது. இந்த வாரம் ஒன்று.

மூன்று மணிக்குக் காய்களை அடுக்கும்போது, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்: "அது என்ன ஒண்ணு?"

"எது?"

"அதுகிட்ட என்னமோ புதுசாச் சொல்லி வெச்சிருக்கயே."

"அது எனக்கும் அதுக்கும்."

"பேரு என்ன வெச்ச?"

"சொல்ல மாட்டேன்."

சுவரோரம் நின்ற அந்த வெள்ளைக் கெரகத்தை முறைத்தேன். பிறகு அவனை முறைத்தேன். மூஞ்சி எனக்கு எப்படிப் போனதோ தெரியவில்லை. கிஷோர் சிரிக்க ஆரம்பித்தான். மூச்சு முட்டி, பாதியில் விக்கல் வந்து நிற்கிற அந்தச் சிரிப்பு. அறைக்கதவு விரியத் திறந்து கிடந்தது. நான் உள்ளே இருந்தேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொள்கிற நேரம் பார்த்துச் சிவப்பை நகர்த்தினேன்.